புயலுக்கு எந்தப் பக்கம் நாம்? டெல்டாவில் மழைக் கணிப்பைப் படிக்கத் தொடங்குவோருக்கு

கார்த்திகை பிறந்துவிட்டால் டெல்டாவில் கைபேசிக்கு ஓய்வில்லை. "அடுத்த வாரம் பெரும்புயல், நாகைக்குக் குறி" என்று சிவப்பும் ஊதாவுமாக ஒரு வரைபடம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். அதே நாளில், வருடக்கணக்காக வானிலையைப் பின்தொடர்கிறவர்களைக் கேட்டால் "வாய்ப்பு இருக்கு, இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்று இழுப்பார்கள். சம்பாவுக்கு மேலுரம் போடுவதா, அறுவடை இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதா, படகைக் கடலுக்கு விடுவதா என்று இன்றைக்கே முடிவெடுக்க வேண்டியவருக்கு இந்த இழுவை எரிச்சலைத்தான் தரும்.

ஆனால் அந்த இழுவைக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. புயல் கணிப்பு என்பது ஒரு கேள்விக்கான பதில் இல்லை. மூன்று கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. கடலில் சின்னம், அதாவது காற்றுச் சுழற்சி, உருவாகுமா? உருவானால் எந்தப் பக்கம் நகரும்? நகர்ந்தால் நம் ஊரில் எத்தனை சென்டிமீட்டர் பெய்யும்? முதல் கேள்விக்கு ஒரு வாரம் முன்பே ஓரளவு பதில் கிடைக்கும். இரண்டாவதற்கு மூன்று நாள் முன்பு. மூன்றாவதற்குப் பல நேரங்களில் முதல் நாள் ராத்திரிதான். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கட்டி ஒரு வாரம் முன்பே சொல்கிறவர், மூன்றில் இரண்டை ஊகித்துத்தான் சொல்கிறார்.

பெயர் பெரிசு, மழை சிறிசு

தொடக்கத்தில் எல்லோரையும் குழப்புவது பெயர்கள். 'காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி', 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று செய்தியில் வாசிப்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு படிகள். சுழற்சியில் காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் தாழ்வுப் பகுதி. 31-ஐத் தொட்டால் தாழ்வு மண்டலம். 50-க்கு மேல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல்; பெயர் வைப்பதும் அப்போதுதான். 89-க்கு மேல் தீவிரப் புயல், 118-க்கு மேல் மிகத் தீவிரப் புயல் என்று படி ஏறும்.

இந்த அளவுகோல் முழுக்க முழுக்கக் காற்றுக்கானது. மழைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. டெல்டாவில் இருக்கிறவர் முதலில் மனத்தில் ஏற்ற வேண்டியது இதைத்தான், ஏனென்றால் நம் பகுதியில் நடந்தவையெல்லாம் இதற்குச் சாட்சி. 2022 நவம்பர் 11-ம் தேதி ராத்திரி சீர்காழியில் ஒரே நாள் கணக்கில் 44 செ.மீ. கொட்டியது. அப்போது கடலில் இருந்தது புயல் இல்லை, தாழ்வு மண்டலம்கூட இல்லை. வலுவடைந்த தாழ்வுப் பகுதி, அவ்வளவுதான். 2008-ல் வந்த நிஷா, புயல் வரிசையில் முதல் படியோடு நின்றுவிட்டது. அதுதான் ஒரத்தநாட்டில் 24 மணி நேரத்தில் 66 செ.மீ. மழையைக் கொட்டியது.

மறுபக்கம் பாருங்கள். 2013 டிசம்பரில் வந்த மாதி, மிகத் தீவிரப் புயல் என்ற படி வரை ஏறியது. வடக்கே போய், நடுக்கடலில் திரும்பி, தென்மேற்காக இறங்கி வருவதற்குள் கரைந்துபோய், 12-ம் தேதி வேதாரண்யம் பக்கம் வெறும் தாழ்வு மண்டலமாகக் கரையேறியது. 2016 டிசம்பர் 2-ல் காரைக்கால் அருகே கரை கடந்த நாடா புயலும் அப்படியே. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதுதான் மிச்சம் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

அதனால் "புயல் வருமா" என்று கேட்டால் அனுபவசாலிகள் நேராகப் பதில் சொல்லத் தயங்குவார்கள். கேட்கிறவருக்குத் தேவை மழைக் கணக்கு. கேள்வியோ காற்றைப் பற்றியது.

வலப்பக்கமா, இடப்பக்கமா

டெல்டாவுக்கு உண்மையில் முக்கியமான கேள்வி வேறு. புயலுக்கு எந்தப் பக்கம் நாம் இருக்கப்போகிறோம்?

நம் பக்கத்துக் கடலில் எந்தச் சுழற்சியும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுழலும். கிழக்கிலிருந்து மேற்கே வரும் ஒரு சின்னத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். அதன் வடக்குப் பாதியில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். தெற்குப் பாதியில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். உள்நாட்டிலிருந்து வருவதால் வறண்டது. கடற்கரைச் சொல்லில் சொன்னால், மையத்துக்கு வடக்கே இருந்தால் கொண்டல், தெற்கே இருந்தால் கச்சான். கொண்டல் கொட்டும், கச்சான் கலைக்கும்.

இப்போது தூரத்தைப் பாருங்கள். நாகப்பட்டினத்துக்கும் புதுச்சேரிக்கும் நேர்கோட்டில் சுமார் 130 கி.மீ. நாகைக்கும் கோடியக்கரைக்கும் 55 கி.மீ.தான். ஒரு சின்னம் கோடியக்கரையைத் தொட்டுக் கரையேறினால் நாகை, திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் அதன் வடக்குப் பாதிக்குள் வந்து மழையில் மிதக்கும். அதே சின்னம் புதுச்சேரியில் கரையேறினால் மொத்த டெல்டாவும் தெற்குப் பாதிக்குப் போய்விடும். மேற்குக் காற்று வீசி, ஒரு தூறலோடு கதை முடியலாம். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 200 கி.மீ.கூட இல்லை.

கணிப்பில் எவ்வளவு பிசகும் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் தயக்கம் புரியும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பாதைக் கணிப்பு கடந்த இருபது ஆண்டுகளில் வெகுவாகத் தேறியிருக்கிறது. இருந்தும் 24 மணி நேரம் முன்பான கணிப்பில் சராசரிப் பிசகு 70, 80 கி.மீ. என்ற அளவில் இருக்கிறது. 72 மணி நேரத்துக்கு அது 150 கி.மீ.யைத் தாண்டிவிடும். உலக அளவில் இது நல்ல மதிப்பெண். ஆனால் மூன்று நாள் முன்பு "மையம் காரைக்கால்" என்று படத்தில் புள்ளி வைத்திருந்தால், அந்தப் புள்ளி கடைசியில் புதுச்சேரியிலும் விழலாம், கோடியக்கரைக்குத் தெற்கேயும் விழலாம். எல்லாம் சராசரிப் பிசகுக்குள் அடக்கம். கணிப்பும் தப்பில்லை, ஆனால் நமக்கு வெள்ளமா வெயிலா என்பது அதற்குள்ளேயே மாறிவிடும்.

அதனால்தான் அதிகாரபூர்வப் படத்தில் ஒற்றைக் கோட்டைச் சுற்றிப் புனல் மாதிரி விரியும் ஒரு வண்ணப் பகுதி இருக்கும். மையம் அதற்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று அர்த்தம். பலர் அதைப் புயலின் அகலம் என்றும், அதற்கு வெளியே மழை இல்லை என்றும் தப்பாகப் படிக்கிறார்கள். புனல் மையத்துக்கு மட்டும்தான். மழை அதைத் தாண்டியும் பெய்யும்.

2018-ன் கஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவே கரை கடக்கும் என்றுதான் கணிக்கப்பட்டது. பிறகு அது தெற்கே இறங்கி, பாம்பனுக்கும் கடலூருக்கும் நடுவே என்று திருத்தப்பட்டது. கடைசியில் நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. முதல் கணிப்பைப் படித்து "சென்னைக்குத்தான்" என்று நிம்மதியாக இருந்தவர் பட்டுக்கோட்டையிலோ பேராவூரணியிலோ இருந்திருந்தால், திருத்தம் அவரிடம் வந்து சேர இருந்த அவகாசம் கொஞ்சம்தான். தென்னைகளை முறித்துப் போட்டது அதன் காற்றுதான்.

பக்கம் என்ற இந்தக் கேள்வி துறைமுகக் கூண்டிலேயே எழுதியிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாகை, காரைக்கால், கடலூர் துறைமுகங்களில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டில் எண் கூடினால் ஆபத்தும் படிப்படியாகக் கூடுகிறது என்றே பொதுவாக நினைக்கிறோம். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான். 5 என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுவிட்டுக் கடக்கும். 6 என்றால் வலப்பக்கம். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது வெகு அருகில். 8, 9, 10-ம் இதே வரிசைதான், புயல் மட்டும் இன்னும் பெரியது. மேற்கே நகரும் புயலுக்கு வலப்பக்கம் என்பது வடக்கு. ஆகவே நாகையில் 6 ஏற்றினால் கொண்டல் பக்கம், 5 ஏற்றினால் கச்சான் பக்கம்.

காற்றுக்கு முகம் கொடுத்து நில்லுங்கள்

கருவி எதுவும் இல்லாமல் மையம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. திறந்த வெளியில், களத்திலோ கடற்கரையிலோ, காற்று முகத்தில் அடிக்கும்படி நின்று வலது கையை நேராகப் பக்கவாட்டில் நீட்டுங்கள். மையம் ஏறக்குறைய அந்தக் கை காட்டும் பக்கம், சற்றுப் பின்னால் தள்ளி இருக்கும். வாடை நேர் வடக்கிலிருந்து வந்தால் மையம் கிழக்கே கடலில். வடகிழக்கிலிருந்து வந்தால் மையம் தென்கிழக்கில்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சின்னமே இல்லாவிட்டாலும் நமக்கு வாடையும் வடகிழக்குக் காற்றும்தான். எனவே ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது. மாற்றத்தைப் பார்க்க வேண்டும். காற்று வடக்கிலிருந்து வடகிழக்கு, பிறகு கிழக்கு என்று திரும்பினால் சின்னம் நமக்குத் தெற்கே கடக்கிறது, மழை இன்னும் இருக்கிறது. வடக்கிலிருந்து வடமேற்கு, பிறகு மேற்கு என்று திரும்பினால் அது நமக்கு வடக்கே போகிறது. மாடித் தோட்டத்துக் கொடிக்கயிற்றில் ஒரு துணித்துண்டைக் கட்டி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திசையைக் குறித்தாலே போதும். தெருவில், வீடுகளுக்கு நடுவில் நின்று பார்த்தால் சுவர் திருப்பிவிட்ட காற்றைத்தான் பார்ப்பீர்கள்.

கைபேசியில் காற்றழுத்தமானி இருப்பவர்கள் வேறொரு பள்ளத்தில் விழுகிறார்கள். காலை 10 மணிக்கு 1011 மில்லிபார், மாலை 4 மணிக்கு 1007 என்று பார்த்துவிட்டு "அழுத்தம் சரசரவென்று இறங்குது" என்று குழுவில் போட்டுவிடுவார்கள். அது தினமும் இறங்குவதுதான். நம் அட்சரேகையில் காற்றழுத்தம் தினம் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை 10-க்கும் இரவு 10-க்கும் உச்சம், அதிகாலை 4-க்கும் மாலை 4-க்கும் அடி. இந்த ஏற்ற இறக்கமே மூன்று நான்கு மில்லிபார் இருக்கும். நேற்று இதே மணிக்கு எவ்வளவு இருந்தது என்பதோடு மட்டும் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டு மூன்று மில்லிபாருக்கு மேல் குறைந்திருந்தால் கவனிக்க வேண்டிய விஷயம்.

கணினி வரைபடத்தை எப்படிப் படிப்பது

வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் பெரும்பாலானவை விண்டி மாதிரியான செயலிகளிலிருந்து எடுத்தவை. அந்தச் செயலிகள் தாமாக எதையும் கணிப்பதில்லை. ஐரோப்பாவின் இசிஎம்டபிள்யூஎஃப், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஜெர்மனியின் ஐகான் போன்ற கணினி மாதிரிகள் கணக்குப் போட்டுத் தருவதை வண்ணம் பூசிக் காட்டுகின்றன. எந்த மாதிரி, எந்த ஓட்டம், எத்தனை மணி நேரத்துக்கு அப்பாலான படம் என்ற மூன்றும் தெரியாத படத்தை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

ஓட்டம் என்றால் என்ன? இந்த மாதிரிகள் தினமும் குறித்த நேரத்தில் அப்போதைய வானிலையை உள்வாங்கிப் புதிதாகக் கணக்கிடும். முக்கியமான ஓட்டங்கள் இரண்டு: நம் நேரம் அதிகாலை 5:30-க்கும் மாலை 5:30-க்கும் தொடங்குபவை. அதிகாலை ஓட்டத்தின் அமெரிக்கப் படம் காலை 9 மணியிலிருந்து வரத் தொடங்கும். ஐரோப்பியப் படம் முழுதாக வரப் பகல் 12, 1 மணி ஆகும். அதனால் காலை 11 மணிக்கு அமெரிக்க மாதிரியின் புதுப் படத்தையும் ஐரோப்பிய மாதிரியின் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இரண்டும் முரண்படுது" என்று சொல்வது அர்த்தமில்லாதது. ஒரே ஓட்டத்தை ஒப்பிடுங்கள்.

ஒற்றைப் படத்தைவிடப் பயன் தருவது கூட்டுக் கணிப்பு. தொடக்க அளவீட்டில் எப்போதும் சிறு பிசகு இருக்கும் என்பதால், அதை வேண்டுமென்றே இப்படியும் அப்படியும் கொஞ்சம் மாற்றிப் பல முறை கணக்கிடுவார்கள். ஐரோப்பிய மாதிரியில் 51 முறை, அமெரிக்க மாதிரியில் 31 முறை. ஒவ்வொரு முறைக்கும் ஒரு பாதைக் கோடு. எல்லாக் கோடுகளையும் ஒரே படத்தில் போட்டால், ஒரு வாரம் முன்பு அது பிரிந்த கயிற்று நுனி மாதிரி இருக்கும்: ஒரு இழை ஒடிசாவுக்கு, ஒன்று யாழ்ப்பாணத்துக்கு, சில நடுக்கடலிலேயே முடிந்துபோகும். கரை நெருங்க நெருங்க இழைகள் முறுக்கேறி ஒன்று சேரும். சேர்ந்துவிட்டதா என்பதைத்தான் அனுபவசாலி பார்க்கிறார். 51-ல் 10 கோடுகள் நாகைக்கு வந்தால் அவர் சொல்வது "வாய்ப்பு இருக்கு". அதே படத்திலிருந்து ஒரே ஒரு கோட்டை உருவி எடுத்து "நாகைக்குக் குறி" என்று போடுவதும் நடக்கிறது.

இழைகள் சேர மறுக்க ஒரு பொதுவான காரணம், மையமே இன்னும் இல்லாதது. தாழ்வுப் பகுதியாக இருக்கும்போது சுழற்சி பரந்து கிடக்கும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் சுழி இருக்கும். அதில் எது மையமாகக் கட்டுகிறதோ அங்கிருந்துதான் பாதை தொடங்கும். தொடக்கப் புள்ளி 150 கி.மீ. வடக்கே அமைந்தால் முழுப் பாதையும் அதற்கேற்ப வடக்கே நகரும். எனவே சின்னம் குறைந்தது தாழ்வு மண்டலமாகும் வரை ஊர்ப் பெயர் சொல்லாமல் இருப்பது நல்ல வழக்கம். "தென் தமிழகக் கரையா, வட தமிழகக் கரையா" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மார்கழியில் வரும் முட்டுக்கட்டைகள்

ஐப்பசிச் சின்னத்தைவிட மார்கழி, தைச் சின்னம் கணிக்கக் கடினமானது. முதல் காரணம் கடல். புயல் வளர 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்நீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. டிசம்பர் கடைசியில் நம் கரையோரக் கடல் அந்த எல்லையை நெருங்கிக் குளிர்ந்துகொண்டிருக்கும். நடுக்கடலில் கொழுத்து வந்த சின்னம் கரைக்கு அருகில் இளைக்க இது ஒன்றே போதும். இரண்டாவது, வட இந்தியாவிலிருந்து இறங்கும் வறண்ட குளிர்காற்று. அது சுழற்சிக்குள் புகுந்தால் மேகம் பாதி வட்டமாக அரித்துப்போவதைச் செயற்கைக்கோள் படத்திலேயே பார்க்கலாம்.

மூன்றாவது, மேல்மட்டக் காற்றின் வேறுபாடு. தரையை ஒட்டி ஒரு திசையிலும் பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் வேறு திசையில் வேகமாகவும் காற்று அடித்தால் புயலின் தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் இழுபடும். அப்போது மையம் ஓரிடத்தில் இருக்க, மழை மேகம் நூறு நூற்றைம்பது கி.மீ. தள்ளிக் கிடக்கும். பாதையைச் சரியாகச் சொல்லி மழையைத் தப்பாகச் சொல்லும் சங்கடம் இங்கேதான் வருகிறது. இலங்கை வேறு குறுக்கே இருக்கிறது. சின்னம் அதன் மேல் ஏறினால் நிலத்தின் உராய்வில் நைந்துபோகும். கிழக்குக் கரையை உரசிக்கொண்டு வந்தாலும் பாதி உயிர்தான்.

இவற்றைவிட மோசமானது நின்றுவிடுவது. புயலைத் தள்ளிக்கொண்டு போவது அதைச் சுற்றியிருக்கும் உயரழுத்தப் பகுதிகளின் காற்று. இரண்டு பக்கமும் சம பலத்தில் இழுத்தால் சின்னம் நகராது. 2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் அருகே வந்து, வலுக்குறைந்து, அப்படியே அசையாமல் நின்றது. காற்று என்று பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. ஆனால் நின்ற இடம் நமக்குத் தெற்கே; மொத்த டெல்டாவும் அதன் கொண்டல் பக்கம். டிசம்பர் 4-ம் தேதிக் கணக்கில் கொள்ளிடத்தில் 36 செ.மீ. பதிவானது. மையத்திலிருந்து இருநூறு கி.மீ. தள்ளி.

2024-ன் ஃபெஞ்சல் எல்லோருக்கும் ஒரு பாடமாக அமைந்தது. நவம்பர் 27-ல் புயலாகும் என்றார்கள்; ஆகவில்லை. இலங்கைக் கரையை ஒட்டி ஆமை வேகத்தில் ஊர்ந்தது. புயலாகாமலே கரை கடக்கும் என்று கணிப்பு மாறிய பிறகு, 29-ம் தேதி புயலானது. 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறி, உள்ளே போகாமல் அங்கேயே நின்று மயிலத்தில் 51 செ.மீ., புதுச்சேரியில் 49 செ.மீ. என்று கொட்டியது. புயலே ஆகாத முதல் கட்டத்தில் டெல்டாவில் சம்பா வயல்கள் மூழ்கின. புயலாகிக் கரை கடந்த நாளில் நாம் அதன் தெற்குப் பக்கத்தில் இருந்தோம்.

எப்போது எதைச் சொல்லலாம்

பத்து நாளுக்கு முன்னால் சொல்லத் தக்கது ஒன்றே ஒன்று: வங்கக் கடல் சுறுசுறுப்பாக இருக்குமா, அமைதியாக இருக்குமா. ஐந்து நாளில், சின்னம் உருவாகிறது, தமிழகக் கரைக்கு வர வாய்ப்பு அதிகமா குறைவா என்று சொல்லலாம். மூன்று நாளில் வடக்கா தெற்கா. இரண்டு நாளில் டெல்டா எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் தெளியும். மாவட்ட வாரியான கன மழை எச்சரிக்கை நம்பத்தக்கதாக ஆவதும் அப்போதுதான். அந்த எச்சரிக்கையில் வரும் சொற்களுக்கு எண் உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் கன மழை, 115.6-லிருந்து மிக கன மழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கன மழை. 'சிவப்பு எச்சரிக்கை' என்றால் 20 செ.மீ. நிச்சயம் பெய்யும் என்று பொருளல்ல. தயாராக வேண்டிய அளவுக்கு வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். அதுவும் மாவட்டத்தில் ஏதோ சில இடங்களில்.

கடைசி ஆறு மணி நேரம் ரேடாருக்கு உரியது. காரைக்காலில் இருக்கும் டாப்ளர் ரேடார் டெல்டாவுக்கு முழுக்கப் போதும். ஒரு நிபந்தனை: ரேடார் கதிர் நேர்கோட்டில் போகும், பூமி வளைந்தது. 200 கி.மீ. தொலைவில் கதிர் சுமார் 4 கி.மீ. உயரத்தில் இருக்கும். வடகிழக்குப் பருவமழையின் தாழ்வான மேகங்கள் அதற்கு அடியிலேயே தப்பிவிடும். "ரேடாரில் ஒன்றுமில்லை" என்று படுத்தால் விடியற்காலை மூன்று மணிக்கு ஓட்டில் சடசடக்கும். கரையோரத்தில் இந்தப் பருவ மழைக்குப் பின்னிரவும் அதிகாலையும்தான் பிடித்த நேரம். நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் இரவுக் காற்று, வரும் வடகிழக்குக் காற்றோடு கரையருகே மோதி மேகம் எழுப்பும்.

யார் சொன்னாலும், கடலுக்குப் போவதா, முகாமுக்குப் போவதா என்பதைச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையையும் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆர்வலர்களின் வேலை அதை விளக்குவது. அதற்குப் போட்டியாக இன்னொன்றை விடுவதல்ல.

அதற்குள் என்ன செய்வது

கணிப்பு தெளியும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. செலவு குறைந்த, தப்பினாலும் நட்டமில்லாத வேலைகளை ஐந்து நாள் முன்பே செய்துவிடலாம். வடிகால் வாய்க்காலில் வெங்காயத்தாமரை அடைத்திருந்தால் எடுத்துவிடுவது அப்படிப்பட்டது. மழை வராவிட்டாலும் வீண் இல்லை. ஒரு மா (சுமார் 33 சென்ட்) நிலத்தில் 10 செ.மீ. மழை விழுந்தால் 1 லட்சத்து 35 ஆயிரம் லிட்டர் தண்ணீர். வேலிக்கு (20 மா) 27 லட்சம். அதற்குப் போக வழி வேண்டும்.

யூரியாவைத் தள்ளிப்போடுவதும் இந்த வகைதான். மேலுரம் நான்கைந்து நாள் தாமதமானால் பயிர் பொறுக்கும். போட்ட மறுநாள் கன மழை பெய்தால் உரம் வாய்க்காலோடு போகும். தென்னையில் முற்றிய காயையும் பாரமான அடிமட்டைகளையும் இறக்குவது, வாழைக்கு முட்டுக் கொடுப்பது இரண்டையும் மூன்று நாள் எச்சரிக்கையில் தொடங்கலாம். காற்று தொடங்கிய பிறகு மரத்தில் ஏறக் கூடாது.

அறுவடைதான் கடினமான முடிவு. கதிரில் 80, 85 சதவீதம் மணி பழுத்திருந்தால் இரண்டு நாள் கணிப்பே அறுக்கப் போதுமான காரணம். பாதிதான் பழுத்திருக்கிறது என்றால், அவசரப்பட்டு அறுத்த நெல்லில் பச்சை மணியும் ஈரமும் மிஞ்சும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு பொதுவாக 17 சதவீதம். காய வைக்க வெயிலும் இல்லாமல், மூட்டை தார்ப்பாய்க்கு அடியில் முளைக்கும். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், இலங்கையைக் கடந்த ஒரு தாழ்வு மண்டலம் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பாவையும் தாளடியையும் சாய்த்தது. தையில் மழை வராது என்று யாரும் கணக்குப் போட முடியாது. மழைக்குப் பிறகு சேற்று வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும். எல்லோருக்கும் ஒரே நாளில் அதுவே வேண்டியிருக்கும் என்பதால், முன்பணத்தைக் கணிப்பு தெளியும் முன்பே கொடுத்து வைப்பதில் தப்பில்லை.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினால் போதும். தேதி, காலை 8:30 மணிக்கு அழுத்தம், காற்றின் திசை, மழை, அதோடு மூன்று நாள் முன்பு இந்தத் தேதிக்கு நீங்கள் நினைத்தது என்று ஐந்து கட்டங்கள். மழையை 8:30-க்கே அளக்க வேண்டும். அரசுக் கணக்கும் காலை 8:30 முதல் மறுநாள் 8:30 வரைதான், அளந்த நாளின் தேதியில்தான் பதிவாகும். நேற்று ராத்திரி பெய்தது செய்தியில் இன்றைய தேதியில் வருவது இதனால்தான். மழைமானி இல்லாவிட்டால், பக்கம் செங்குத்தான, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றைச் சுவர், மரம், ஓட்டுச் சொட்டு எதுவும் படாத இடத்தில் தரையில் அசையாமல் வைத்து, உள்ளே ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். வாய் அகன்ற வாளியில் அளந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணைக் குழுவில் போட்டால் பக்கத்து ஊர்க்காரர் நம்ப மாட்டார்.